உடற்பேறு குறைந்தோர் உரிமை
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டியும் கிராணி வேலை பார்த்தும் பிழைக்கும் நம் குடும்பங்களிலும் கண் தெரியாதோர், காது கேளாதோர், நடக்க இயலாதோர் உண்டு. அவர்களை லயத்து வாசலில் உட்கார வைத்துவிட்டு, "தலையெழுத்து" என்கிறோம். சட்டமோ வேறு சொல்கிறது.

உடற்பேறு குறைந்தோர் சட்டம், 685 ஆம் எண் சட்டம், 2008 ஜூலை 7 இல் நடைமுறைக்கு வந்தது. குறையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் கல்வியிலிருந்து ஒதுக்கலாகாது என்கிறது 28 ஆம் பிரிவு. வேலையில் சம வாய்ப்பு, சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது 29 ஆம் பிரிவு. அரசாங்க வேலைகளில் 100 க்கு 1 இடம் என்று அதே ஆண்டில் சுற்றறிக்கையும் வந்தது.

ஆனால், மீறும் முதலாளிக்கு அச்சட்டம் அபராதம் விதிக்கவில்லை. அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்கவும் 41 ஆம் பிரிவு தடை போட்டது. வேலியில்லாப் பயிரை யார் காப்பது? சங்கமாகத் திரண்ட நாம்தான் காக்க வேண்டும்.

ஒரு கால் இழந்தவர் பால் நிறுக்கலாம், கணக்கு எழுதலாம். காது கேளாதவர் மரம் வெட்டலாம். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதைக் கோரிக்கையாக வைப்போம். தண்டனைப் பிரிவு வேண்டுமென்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமும் மனுக் கொடுப்போம்.

பெற்றோர்களே! பிள்ளையைச் சமூக நல இலாகாவில் பதிந்து அட்டை பெறுங்கள், பள்ளிக்கு அனுப்புங்கள். செக்ரோலில் பெயர் இல்லாதவருக்குச் சம்பளம் இல்லை என்பது நமக்குத் தெரியாததா?