மக்காச்சோள விதைப்புக் கருவி: வேகமும் துல்லியமும்

(தியாகதுருகம் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புரட்டாசியில் நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால், மானாவாரி நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் ஆள் வேண்டும். ஈரப்பதம் போவதற்குள் விதைத்தாக வேண்டும். ஆகவே டிராக்டர் விதைப்புக் கருவியை வாடகைக்கு அமர்த்தி, ‘சீக்கிரம் ஓட்டு’ என்கிறோம். இந்த அவசரம் நமக்கு இலாபமா, நட்டமா என்று பார்ப்போம்.

வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. விட்டால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடிகள் இருக்கும். நெல்லைப்போல் தூர் கட்டி இடத்தை நிரப்பும் பயிர் அன்று மக்காச்சோளம். பத்தில் ஒரு செடி குறைந்தால் 2,700 கதிர்கள் போயின. கதிருக்கு 100 கிராம் மணி என்று கொண்டால் 270 கிலோ. பக்கத்துச் செடிகள் இதில் ஒரு பகுதியையே ஈடுகட்டும். பாடுவாசிக்குப் பின்னர் ஊன்றும் விதையும் நிழலில் நலிந்துவிடும்.

கருவி வேலை செய்யும் விதம்

போபாலிலுள்ள மத்திய வேளாண்மைப் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய சாய்தட்டு விதைப்புக் கருவியில், சாய்வாகச் சுழலும் தட்டின் குழிகள் விதைகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்துச் சென்று குழாயில் போடுகின்றன. தட்டைச் சுழற்றுவது தரைச் சக்கரம். சக்கரத்தின் சுற்றளவு 150 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 6 விதை விழவேண்டும். 24 குழித் தட்டு அப்போது கால் சுற்றுச் சுற்றவேண்டும்.

மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் வரிசைக்கு விநாடிக்கு ஐந்தாறு விதைகள், 10 கி.மீ. வேகத்தில் பதினொன்று. அவ்வளவு விரைவில் குழிகள் நிரம்புவதில்லை. விழும் விதையும் சாலில் உருண்டோடி இடைவெளி மாறிவிடும். மேல்நாடுகளில் காற்று உறிஞ்சலால் விதையைத் தட்டில் பிடித்து, பட்டை மூலம் சால்வரை இறக்கி விரைந்து விதைக்கிறார்கள். அதற்குப் பெரிய டிராக்டரும் சமமான பெரு வயல்களும் தேவை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. விதையின் பருமனுக்கேற்ற தட்டைப் பொருத்துங்கள். மருந்து கலந்த விதையை நிழலில் உலர்த்திய பிறகே பெட்டியில் இடுங்கள்.

2. குழாயின் அடியில் பை கட்டிச் சக்கரத்தை 20 முறை சுற்றுங்கள். மேலே சொன்ன அளவுச் சக்கரமானால் 120 விதை விழவேண்டும்.

3. புழுதியில் சக்கரம் வழுக்கினால் இடைவெளி கூடும். வயலில் 5 மீட்டர் சாலைக் கிளறி எண்ணுங்கள். 20 விதை, 4 முதல் 5 செ.மீ. ஆழத்தில் இருக்கவேண்டும்.

4. சரளை நிலத்திற்கு, கல் தட்டினால் விலகிக்கொடுக்கும் சுருள்வில் கொழு நல்லது.

5. 30 மீட்டரைக் கடக்க 22 விநாடிக்குக் குறையக் கூடாது.

இந்த நிதானத்திலும் நான்கு வரிசைக் கருவி, திரும்பும் நேரம் போக, மணிக்குச் சுமார் இரண்டு ஏக்கர் விதைத்துவிடும். ஈரம் காயுமுன் வேலை முடிய இதுவே போதும். ஆகவே டிராக்டர் ஓட்டுநரிடம் ‘சீக்கிரம் ஓட்டு’ என்பதை விட்டு, ‘எண்ணி ஓட்டு’ என்று சொல்லுங்கள்.