விடாமல் ஒட்டிய சாயம்

ஒரு காலத்தில் வெண்ணெய்க்கு மஞ்சள் நிறம் ஏற்ற ஒரு சாயம் கலந்தார்கள். அதன் பெயரே ‘பட்டர் யெல்லோ’. அதைத் தின்ற எலிகளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் வருவதை 1930களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

1947இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் மில்லரும் அவர் கணவர் ஜேம்ஸ் மில்லரும் அந்தச் சாயத்தைத் தின்ற எலிகளின் கல்லீரலை ஆராய்ந்தார்கள். கரைப்பான்களால் எவ்வளவு அலசியும் சாயம் முழுதாகப் போகவில்லை. கல்லீரல் புரதத்தோடு அது இறுகப் பிணைந்திருந்தது! சாயத்தை அப்படி ஒட்டும் பொருளாக மாற்றுவது உடம்புதான் என்பது பின்னால் தெளிவானது. அது டி.என்.ஏ.விலும் ஒட்டும், ஆபத்து அங்கேதான்.

எல்லாப் பிணைப்பும் கெடுதல் இல்லை. கல்லீரலில் லிகாண்டின் என்று ஒரு புரதம் உண்டு. நச்சுப் பொருள்களைப் பிடித்து, குளூட்டாதயோன் என்ற பொருளோடு சேர்த்து, வெளியேற்ற உதவுவது அதன் வேலை.

பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் இருக்கக்கூடிய அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சும், அந்தச் சாயத்தைப் போலவே, நம் இரத்தத்தின் அல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. சில வாரங்களுக்கு முன் சாப்பிட்டதைக்கூட இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. பூஞ்சை பிடித்த கடலையைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்!