விசில் ஊதுகிறவர்



இன்றைய பேச்சு நடுவரைப் பற்றியது. நடுவர் என்றால் ரெஃப்ரி. பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லித்தரும் கோச், அந்த ரெஃப்ரியை எப்படி நடத்துகிறார், பிள்ளைகள் காதுபட என்ன பேசுகிறார் என்பதைப் பற்றியது.

தங்க வயலுக்குப் பந்தாட்டம் புதிது அல்ல. வெள்ளைக்காரர்கள் சுரங்கம் நடத்திய காலத்திலேயே இங்கே கால்பந்தும் ஹாக்கியும் உண்டு. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடிப் பலர் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். இன்றும் ஏறுகிறார்கள்.

அப்படி வாரம் ஆறு நாள் விடியற்காலையில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு. அதையும் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். சம்பளம் கிடையாது. கைக்காசு போட்டுப் பந்து வாங்குகிறார். தங்கமான மனிதர். ஆனால் மேட்ச் அன்றைக்கு ரெஃப்ரி எதிராக ஒரு விசில் ஊதிவிட்டால் போதும். “யோவ், கண்ணு தெரியலையா? அவங்ககிட்ட எவ்வளவு வாங்கினே?” என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பதினொரு பேர் அதைக் கேட்டுக்கொண்டே ஆடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருவன் ரெஃப்ரியின் முகத்துக்கு நேரே கையை நீட்டிப் பேசுகிறான். அவன் இதை யாரிடம் படித்தான்?

ரெஃப்ரி தப்பு செய்வதே இல்லையா? செய்கிறார். தினமும் செய்கிறார். ஆனால் வெளியே நிற்பவரின் கண் அவருடைய கண்ணைவிட நல்ல கண்ணா?

ஆஃப்சைடு என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகச் சண்டை அதில்தான். சுருக்கமாகச் சொன்னால், பந்தை உதைக்கும் அந்த நொடியில், பந்து வாங்கப் போகிறவன் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்கக் கூடாது. அந்த ஆளுக்கு நேர்கோட்டில் நின்று பார்த்தால்தான் அது தெரியும். கொடி பிடிக்கும் துணை நடுவர் அதற்காகத்தான் கோட்டோரம் ஓடிக்கொண்டே இருக்கிறார். கோச் நிற்பதோ நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்து சாய்வாகத்தான் பார்க்க முடியும். வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். தெருவின் இரண்டு ஓரத்திலும் நேருக்கு நேராக இரண்டு பேரை நிறுத்துங்கள். நீங்கள் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒருவர் மற்றவரைவிட முன்னால் நிற்பதுபோலத் தோன்றும். இருவரும் நகரவே இல்லை. பார்க்கிற இடம்தான் மாறியது.

சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இன்னொன்று தெரியும். இங்கே ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மணி அடிக்கிறவரின் சைகைக்குத்தான் கட்டுப்படும். ஓடுகிற கூண்டுக்கு ஒரு மணி என்றால் நில் என்று அர்த்தம். மேலே இன்ஜின் ஓட்டுகிறவர் “எதற்கு அடித்தாய்?” என்று வாதாடிக்கொண்டிருக்க மாட்டார். முதலில் நிறுத்துவார். கேள்வி பிறகு. மணி அடிக்கிறவர் எல்லாம் தெரிந்தவர் என்பதால் அல்ல. ஒருவர் சொல்லுக்கு எல்லோரும் நின்றால்தான் கீழே இருப்பவர்களுக்கு உயிர்.

பந்தாட்டத்தில் உயிரா போகப் போகிறது என்று கேட்கலாம். போயிருக்கிறது. நெதர்லாந்து நாட்டில் அல்மேரா என்று ஓர் ஊர். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி அங்கே சிறுவர்களுக்கான மேட்ச் நடந்தது. ஒரு தகப்பனார், தம் மகன் ஆடுகிறான் என்று, அன்றைக்குக் கொடி பிடிக்க முன்வந்தார். கூலி இல்லாத வேலை. ஆட்டம் முடிந்ததும் எதிரணிச் சிறுவர்கள் சேர்ந்து அவரை உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அவருக்கு வயது 41. அடுத்த வார இறுதியில் அந்த நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. 2013-இல் ஆறு சிறுவர்களுக்கும், ஆட்டக்காரன் ஒருவனின் தகப்பனுக்கும் தண்டனை கிடைத்தது. கொடி பிடித்தவனை உதைக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் தோன்றியிருக்குமா? யோசிக்க வேண்டிய விஷயம்.

சட்டமும் இப்போது கோச்சைச் சும்மா விடுவதில்லை. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எப்படி வந்தன தெரியுமா? 1966-இல் லண்டனில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. ரெஃப்ரி ஜெர்மானியர். அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை வெளியே போகச் சொன்னார். இவர் பேச்சு அவருக்குப் புரியவில்லை, அவர் பேச்சு இவருக்குப் புரியவில்லை. வெகுநேரம் ராட்டின் போகவே இல்லை. நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் வீட்டுக்குக் காரில் போகும்போது சாலை விளக்கைப் பார்த்தார். மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் நில். எந்த மொழிக்காரருக்கும் புரியும். 1970 உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மைதானத்தில் கேட்கும் நம் ஊருக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். 2019 முதல் அந்த அட்டைகளைக் கோச்சுக்கும் காட்டலாம் என்று விதி வந்துவிட்டது. பெஞ்சில் தப்பாகப் பேசியது யார் என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த கோச்சுக்குத்தான் அட்டை.

ரக்பி என்று ஒரு முரட்டு ஆட்டம் உண்டு. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளி விழுத்தாட்டுவார்கள். ஆனால் ரெஃப்ரியை “சார்” என்று கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். தீர்ப்பைப் பற்றிக் கேப்டன் மட்டும் கேட்கலாம். பெனால்டி கொடுத்த பிறகு வாதாடினால், அந்த இடத்திலிருந்து 10 மீட்டர் உங்கள் கோல் பக்கமாகத் தள்ளி வைப்பார்கள். ஒவ்வொரு வாய்ப்பேச்சுக்கும் அணி இடம் இழக்கிறது. கால்பந்துக் கோச்சுகள் இதைப் பயிற்சியில் வைத்துப் பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

உண்மையாகவே ரெஃப்ரி ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன செய்வது? பொறுத்துக்கொண்டு போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் தீர்ப்பை அவரே மாற்ற முடியாது. ஆகவே கத்துவது வீண். வீட்டுக்குப் போய் ஒரு தாளை எடுங்கள். எந்த மேட்ச், எந்தத் தேதி, எத்தனையாவது நிமிடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். வசவு வேண்டாம். கையெழுத்துப் போட்டுப் போட்டியை நடத்துகிறவர்களிடம் கொடுங்கள். ஒரு நகல் கையில் இருக்கட்டும். கோல் திரும்பி வராது. அடுத்த மேட்சுக்கு வேறு நடுவரைப் போடுங்கள் என்று கேட்க அந்தத் தாள் உதவும்.

இன்னொன்று. ரெஃப்ரி வானத்திலிருந்து குதிப்பதில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சங்கர் 2002-இல் கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கொடி பிடித்தார். திண்டுக்கல் பெண் ரூபா தேவி, முன்பு ஆட்டக்காரர், 2016-இல் சர்வதேச நடுவர் ஆனார். இங்கே ஆடும் பிள்ளைகளிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். நடுவர் என்றாலே திட்டு வாங்கும் ஆள் என்று கேட்டு வளர்ந்த பெண், அந்த விசிலை எடுப்பாளா?

அடுத்த ஞாயிறு பயிற்சி ஆட்டத்தில், கோச் தாமே விசில் ஊத வேண்டாம். ஆடத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் பத்து நிமிடம் கொடுக்கட்டும். மற்றவர்கள் கத்துவார்கள். கத்தட்டும், 10 மீட்டர் தள்ளி வைக்கலாம். பத்து நிமிடம் ஆனதும் அதிகமாகக் கத்தியது யாரோ, அவன் கையில் விசிலைக் கொடுத்துவிடலாம்.