எத்தொழிலை மேற்கொள்வது?



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் உதியன்குளங்கரை வரும். அதனை அடுத்துள்ள ஊர் செங்கல். இன்னும் தெற்கே பாறசாலை. அதற்கப்பால் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆகவே இவ்வெல்லைப் புறத்து ஊர்களில், வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வளரும் பிள்ளைகளைக் காணலாம்.

அத்தகைய பிள்ளை ஒருவன் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அரசாங்க உத்தியோகமே மேல் என்கிறார் தந்தை. வளைகுடா நாட்டுக்குப் போனால் வீட்டுக் கடன் தீரும் என்கிறார் தாய்மாமன். ஆசிரியர் மேலே படிக்கச் சொல்கிறார். நண்பர்கள் கணினித் தொழிலைக் காட்டுகின்றனர். அவனோ வாய் திறவாதிருக்கிறான். அந்த மௌனத்தைச் சோம்பல் என்று பெரியோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அவன் எதையும் விரும்பாதவன் அல்லன். ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை யாவும் என்றென்றைக்கும் கைவிட்டுப் போகுமே என்று அஞ்சுகின்றவன். இந்த நிலை செங்கலுக்கு மட்டும் உரியதன்று. மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் உள்ள நம்மவர் இல்லங்களிலும் இதுவே காட்சி.

பெற்றோர் நிலையான சம்பளத்தை நாடுவதைக் குறைகூற இயலாது. வந்த இடத்தில் நிலபுலம் இல்லை. இடருற்றபோது தாங்கும் சுற்றத்தாரும் அருகில் இல்லை. மாதம் தவறாமல் வரும் ஊதியமே அவர்களுக்கு நிலமும் சுற்றமும் ஆகிறது. மேலும், நம் முன்னோர் பலர் ஊர் பெயர்ந்ததற்குக் காரணமே தொழில்தான். செங்கலுக்கு வடக்கே, அதே வட்டத்திலுள்ள பாலராமபுரத்தைப் பாருங்கள். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மாவின் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட நெசவாளர் அங்கே குடியேறினர். இன்று புவிசார் குறியீடு பெற்ற பாலராமபுரம் கைத்தறி அவர்கள் கைவழி வந்ததே. அவர்கள் தொழிலைக் கையில் கொண்டு இடத்தைத் தேடினார்கள். அவ்வாறு குடிபெயர்ந்தோர் வழிவந்த நம் பிள்ளைகளோ, பிறந்த இடத்தில் நின்றுகொண்டு தொழிலைத் தேடுகிறார்கள். வேறுபாடு அவ்வளவே.

இனி, முதலில் எடுத்த தொழில் ஆயுளுக்கும் போட்ட விலங்காகுமோ என்னும் அச்சத்தை ஆராய்வோம். ‘மனோன்மணீயம்’ இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை அவர்களை அறியாத தமிழர் இலர். 1855இல் ஆலப்புழையில் தோன்றி, திருவனந்தபுரத்தில் கற்று, திருநெல்வேலியில் கல்விப் பணியாற்றி, மீண்டும் திருவனந்தபுரத்தில் தத்துவம் போதித்தவர். இடையில் திருவிதாங்கூர் அரசு அவரைப் ‘பிறவகைச் சிரஸ்தார்’ என்னும் வருவாய்த் துறைப் பதவியில் அமர்த்தியது. பலரும் விரும்பும் பதவி அது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் அதில் இருந்தார். பேராசிரியர் ஹார்வி தாய்நாடு திரும்பியபோது, 1885இல், தத்துவப் பேராசிரியராய்க் கல்லூரிக்கே மீண்டார். 1891இல் ‘மனோன்மணீயம்’ வெளிவந்தது. கல்வெட்டாராய்ச்சியும் செய்தார். 1897இல் மறையும் வரை ஆசிரியப் பணி தொடர்ந்தது. பதவியேற்றதால் புலமை அழிந்துவிடவில்லை. பதவியை விட்டதால் வாழ்வு தாழ்ந்துவிடவுமில்லை. தமக்கு உரிய பணி எதுவென உணர்ந்து அவர் மீள முடிந்தது. நூலை அவர் இடையில் அடியோடு கைவிடாததே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

நெய்யாற்றின்கரைப் பகுதிக்கே உரிய மற்றொருவர் ஜி. இராமச்சந்திரன். 1904இல் பிறந்த அவர் சாந்திநிகேதனில் பயின்றார். 1924இல் தில்லியில் காந்தியடிகளைக் கண்டு கலையைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் வினாக்கள் தொடுத்தார். அம்மாணவர் பின்னாளில் தம் துணைவியார் டாக்டர் சௌந்தரம் அவர்களோடு 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார். மலையாள நாட்டில் பிறந்தவர் வங்கத்தில் கற்றுத் தமிழ்நாட்டில் பணி செய்தார். அவர் பெரியோரிடம் கேட்டது “எனக்கு எந்த உத்தியோகம்?” என்பதன்று, “எது செய்யத் தக்கது?” என்பதே.

மாணவர்களே, பதவியின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். அந்தப் பதவியில் இருப்பவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். கிராம அலுவலகத்திலும், வங்கியிலும், பள்ளியிலும், தறியருகிலும் இசைவு பெற்றுச் சில நாட்கள் உடனிருந்து பாருங்கள். அந்த அன்றாட வேலையை முப்பது ஆண்டுகள் செய்ய மனம் ஒப்புமானால் அது உங்கள் தொழில். ஒப்பாதாயின் பதவியின் பெருமை பத்து நாளில் கசந்துவிடும்.

அடுத்தது காலக் கணக்கு. இந்திய ஆட்சிப் பணித் தேர்வைப் பொதுப் பிரிவினர் 32 வயதுக்குள் 6 முறைதான் எழுதலாம். ஆறு முறையும் எழுதித் தோற்றவன் ஆறாண்டுகளை இழந்து நிற்கிறான். ஆதலின், “இத்தனை ஆண்டு முயல்வேன், அதற்குள் சிறு ஊதியமேனும் தரும் வேறொரு பயிற்சியும் பெறுவேன்” என்று தொடக்கத்திலேயே வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். கடன் வாங்கிப் படிப்பதாயின், திருப்பிக் கொடுக்கும் தவணை எவ்வளவு, அந்தப் படிப்பை முடித்தோர் உண்மையில் எங்கே வேலை செய்கின்றனர் என்பதை விசாரித்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

மூன்றாவது மொழி. எல்லையில் வாழ்வோர் இரு மொழியையும் பாரமாக எண்ணுகிறார்கள். பாரமன்று, அது முதல். பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் நிலைப் பணிக்கு, விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழி தெரிந்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் தேர்ச்சி கட்டாயம் என 2021இல் அரசு ஆணையிட்டது. அதில் 40 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பேச்சளவில் தமிழ் அறிந்த பிள்ளை இங்கே இடறுகிறான். பிழையின்றி எழுதவும் அறிந்தவனுக்கோ எல்லைக்கு இருபுறமும் வழி உண்டு. ஆகவே, பெற்றோர்களே, நீங்கள் எந்த மாநிலத்தில் இருப்பினும் அந்நாட்டு மொழியைப் பிள்ளைகள் செவ்வனே கற்கட்டும். தமிழையும் நாள்தோறும் கால் மணி நேரமேனும் எழுதிப் பழகட்டும்.

குடும்ப மானத்தை ஒரு பதவியின்மேல் ஏற்றி வைக்காதீர்கள் என்பதே பெற்றோருக்கு என் வேண்டுகோள். வீட்டு வரவு செலவை மறைக்காமல் பிள்ளைக்குச் சொல்லுங்கள். எவ்வளவு காலம் குடும்பம் அவனைத் தாங்க முடியும் என்பதையும் சொல்லுங்கள். உண்மை நிலையை அறிந்த பிள்ளை பொறுப்போடு தீர்மானிப்பான். அறியாத பிள்ளைக்கு, ஒன்று அச்சம் மிகும். அன்றேல் ஆசை மிகும். தீர்மானித்த பின் அவன் எடுத்த தொழில் பொருந்தவில்லையானால், “அன்றே சொன்னேனே” என்று இடித்துரைக்காமல் மீண்டும் தொடங்க இடம் கொடுங்கள். அவன் துணிந்து முதலடி வைக்க அந்த உறுதியொன்றே போதும்.