நித்யகல்யாணி: வளர்க்கலாம், சாப்பிடக் கூடாது
(நாக்பூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)



தோட்டத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். ரோஜா, மல்லிகை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். யாரும் பெரிதாக மதிக்காத நித்யகல்யாணியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இங்கே மராட்டியில் இதற்கு சதாபுலி என்று பெயர். தில்லிக்காரர்கள் சதாபஹார் என்பார்கள், கொல்கத்தாவில் நயன்தாரா. நம் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் உண்டு. அதனாலேயே என் மாமியார் இதை வாசல் பக்கம் வைக்க விடமாட்டார். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. வருஷம் முழுவதும் பச்சையாக இருந்து, நெருக்கமாக நட்டால் தரையை மூடிவிடும் குறுஞ்செடி.

எங்கள் ஆத்துக் காம்பவுண்டுச் சுவர் ஓரம், தெற்கு பார்த்த பத்தடி நிலத்தில், எந்தப் புல்லும் மே மாத வெயிலைத் தாங்கவில்லை. இங்கே 45 டிகிரி சாதாரணம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே இருபது செடி நட்டேன். ஆசையாக இருவேளையும் தண்ணீர் விட்டேன், யூரியாவும் போட்டேன். வெயிலைத் தாங்கிய செடிகள் ஆடி மாத மழையில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழுகிவிட்டன. நம் கரிசல் மண் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தச் செடி வறட்சியைத் தாங்கும். வேரில் தேங்கும் நீரைத் தாங்காது.

அடுத்த வருஷம் மணலும் மக்கிய எருவும் கலந்து, பாத்தியை அரையடி உயர்த்தினேன். காய் பழுப்பாகி வெடிக்கும் முன் விதை எடுத்து, மேலே மெல்லிசாக மண் தூவி விதைத்தேன். வெளிச்சம் பட்டால் சரியாக முளைக்காது. பத்து நாளில் முளை வந்தது. ஒரு அடிக்கு ஒன்றாக நட்டு, நான்கு விரல் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டேன். பக்கக் கிளைகள் வந்து தரை மூடிவிட்டது.

விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் காலையில் வேரடியில் தண்ணீர். உரம் அதிகமானால் இலைதான் மண்டும், பூ குறையும். மழைக்காலம் முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். பூக்கள் பச்சை நிறமாக, இலை போல வந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் நோய். அந்தச் செடியைப் பிடுங்கி எறியுங்கள். தொட்டியில் வைப்பவர்கள் அடியில் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். தில்லி போன்ற ஊர்களில் உறைபனி பட்டால் கருகிவிடும். தொட்டியைச் சுவரோரம் நகர்த்திவிடுங்கள். ஆடு மாடு இதில் சாதாரணமாக வாய் வைக்காது.

ஆடு மாட்டுக்கு இருக்கும் ஜாக்கிரதை நமக்கு இல்லை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

என் அத்திம்பேருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு மாதம் எங்களோடு தங்க வந்தார். இந்த இலையை அரைத்துக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தினமும் காலையில் இலையைப் பறித்துக் கொடுத்தது நானேதான். நம் செடி பிரயோஜனப்படுகிறதே என்று பெருமை வேறு! அவரோ யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். காலில் ஒரு சின்னப் புண் ஆறவில்லை என்று டாக்டரிடம் போனபோது சர்க்கரை 380. ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் குறைந்திருந்தன. "இலையால்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றோடு நிறுத்துங்கள்" என்றார் டாக்டர்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜமைக்காவிலும் இதைச் சர்க்கரைக்குக் கஷாயமாகக் குடித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு, கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, சாற்றை ஊசியாகச் செலுத்தியபோது வெள்ளை அணுக்கள் இறங்கின. அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958இல் வெளியிட்டார்கள்; அது பின்னர் புற்றுநோய் மருந்தானது. இதே செடி தந்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. ஆனால் அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தப் பரிசோதனை செய்துதான் ஏற்றுகிறார்கள். நாம் அம்மியில் அரைத்து டம்ளரில் குடிக்கிறோம்!

அத்திம்பேர் கால் புண் ஆற மூன்று மாதமாயிற்று. கால் தப்பியது பகவான் கிருபை. செடியைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். தப்பு செடியுடையது அல்லவே! இன்றும் பாத்தி நிறையப் பூக்கிறது. தினமும் ஸ்வாமிக்கு ஒரு தட்டுப் பூ. பறித்த பிறகு கையை அலம்பிவிடுகிறேன்.

விதைப் பொட்டலங்கள் கொண்டுவந்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் மேலும் "சாப்பிடக் கூடாது" என்று எழுதியிருக்கிறேன். ஆத்தில் பெரியவர்களுக்கு அதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.