சாய்ந்த வாழைக்கு யார் பதில் சொல்வது?

(ஜெயமங்கலம் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்திரை, வைகாசியில் பத்து நிமிஷம் காத்து அடிக்குது. குலை தள்ளின வாழை முட்டுக்கம்போட சாஞ்சு கிடக்குது. கேட்டா "இயற்கை, என்ன செய்யிறது" என்கிறார்கள். காத்து இயற்கைதான். நிவாரண விதியும் இன்சூரன்ஸ் விதியும் மனுஷன் எழுதினது. அதைப் பேசத்தான் கூடியிருக்கிறோம்.

முதலில் அந்தக் காத்து எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்குவோம். பகல் வெயிலில் தரை காயுது. ஈரக்காத்து மலையில் மோதி மேலே போய்க் குளிர்ந்து இடிமேகமாகுது. மழை இறங்கும்போது மேலே குளிர்ந்த காத்தும் சேர்ந்து கீழே விழுந்து நாலாபக்கமும் சிதறுது. அதுதான் நம்ம தோட்டத்தைச் சாய்க்கிற காத்து. ஒரு தோட்டம் அழியும், பக்கத்துத் தோட்டம் தப்பிக்கும். இதை மனசில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இன்று சாயங்காலம் மழை வருமா என்பது வானிலை. எந்தப் பட்டத்தில் எதை விதைக்கலாம்னு பாட்டன் பூட்டன் வைத்திருந்த கணக்கு காலநிலை. அந்தக் கணக்குதான் இப்போது தடுமாறுது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிச்ச புகை, பூமிக்குக் கம்பளி போர்த்தின மாதிரி வெப்பத்தைப் பிடிச்சு வைக்குது. ஒரு டிகிரி சூடு கூடினால் காத்து சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். அதனால்தான் பெய்தால் கொட்டுது, காய்ந்தால் ஒரேயடியாகக் காயுது. அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான ஆண்டு 2024. ஒரு நாள் காத்தைக் காட்டி இது காலநிலை மாற்றம்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மொத்தப் போக்கு அந்தப் பக்கம்தான் போகுது.

நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழை வேண்டும். பெரியாறு அணைக்குத் தென்மேற்குப் பருவமழை. வராக நதிக்கும் நம்ம கண்மாய்க்கும் ஐப்பசி, கார்த்திகை மழை. இரண்டும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பசிபிக் கடல் சூடாகிற எல் நினோ வருஷத்தில் தென்மேற்கு பெரும்பாலும் குறையும், வடகிழக்கு பெரும்பாலும் கூடும். 2015-இல் சென்னை மூழ்கியது. மறு வருஷமே, 2016-இல், வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. 2018 ஆகஸ்டில் கேரளா வெள்ளத்தில் தத்தளித்தது, பெரியாறு அணை 142 அடியைத் தொட்டது. அதே வருஷம் நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா புயல் டெல்டா தென்னையைச் சாய்ச்சுட்டு, மேற்கே கொடைக்கானல் மலைவரைக்கும் வந்தது. நாலே வருஷத்தில் வெள்ளம், வறட்சி, புயல் மூணும்!

இப்போ விதிக்கு வருவோம். 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிப்படி, 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் பணம். பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். ஏக்கருக்குப் பிரிச்சால் சுமார் 6,900, 9,100. கன்னுக்கும் உரத்துக்கும் முட்டுக்கம்புக்கும் இது காணுமா?

பயிர் இன்சூரன்சில் தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம் வரை பிரீமியம் கட்டுகிறோம். இழப்பை ஊரளவு, பிர்காவளவு சராசரியில் பார்க்கிறார்கள். பத்துத் தோட்டத்தில் இரண்டு அழிந்தால் சராசரியில் அது மறைஞ்சே போகும். ஆலங்கட்டி மழைக்கும் நிலச்சரிவுக்கும் தனித்தனி வயலாகப் பார்க்க விதி இருக்கும்போது, காத்தில் சாய்ந்த வாழைக்கு ஏன் கூடாது?

புகை விட்டவன் எங்கேயோ இருக்கிறான். நஷ்டம் மட்டும் நம்ம தலையிலா? நாம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை!

நமது கோரிக்கைகள்:

1. காற்றில் சாய்ந்த வாழை, கொடிக்காலைத் தோட்டம் தோட்டமாக அளந்து இழப்பீடு கொடு!
2. நிவாரணத் தொகையைச் சாகுபடிச் செலவோடு பொருத்தி உயர்த்து!
3. கண்மாய், வரத்து வாய்க்கால்களை மழைக்கு முன்பே தூர்வாரு!
4. பிர்காதோறும் மழைமானி, காற்றுமானி வை!

நம்ம கடமையும் இருக்கு. அடங்கல் வாங்கி வையுங்கள். சேதமானால் அன்றே போட்டோ எடுங்கள். 72 மணி நேரத்துக்குள் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வரப்போரம் அகத்தி, சவுக்கு நட்டுக் காத்தைத் தடுங்கள். தனியாகப் போனால் மனு. சேர்ந்து போனால் அது போராட்டம். அனைவரும் திரண்டு வாருங்கள்!