ஒரு சங்கத்தின் முதற்பணி

மாணவ நண்பர்களே, ரோட்டரி என்றதும் தொண்டுதான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அச்சங்கம் பிறந்தபோது தொண்டு அதன் நோக்கமாக இருக்கவில்லை. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில், யூனிடி கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். கூட்டியவர் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர். ஏனையோர் ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். பின்னர் உறுப்பினர்தம் அலுவலகங்களில் முறைவைத்துக் கூடியமையால், சுழல்வது என்னும் பொருளில் அப்பெயர் அமைந்தது. தோழமையும், ஒருவர்க்கொருவர் வாணிப உதவியுமே அன்றைய குறிக்கோள்.

1906இல் டொனால்டு கார்ட்டர் என்னும் வழக்கறிஞரைச் சேர அழைத்தனர். ஊருக்கு ஒன்றும் செய்யாத சங்கம் நிலைக்காது என்று அவர் மறுத்துவிட்டார். மறுத்தவரை அவர்கள் பகைக்கவில்லை. அவர் சொல்லை ஏற்று நகரின் நலத்தையும் குறிக்கோளாகச் சேர்த்தனர். இப்பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

நிற்க. அவர்கள் மேற்கொண்ட முதற்பணியைச் சொன்னால் நகைப்பீர்கள். நகர மன்றத்தருகே ஒரு பொதுக் கழிப்பிடம்! கடைவீதிக்கு வந்தோர் அவசரத்துக்கு மதுக்கடையிலோ பெருங்கடையிலோ நுழைந்து, கூச்சத்துக்காக எதையேனும் வாங்க வேண்டியிருந்த காலம் அது. அதில் ஆதாயம் கண்டோர் திட்டத்தை எதிர்த்தனர். 1907இல் தொடங்கிய முயற்சி 1909இல்தான் கைகூடியது.

மகளிர்க்கோ, அச்சங்கத்தின் கதவு நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1989இல் விதியும் மாறியது.